வீடியோ இலவசம், டேபிள் மணிக்கு 200 ரூபாய்

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. நான் வழக்கமாகப் பூல் என்னும் மேசைப் பந்தாட்டம் ஆடப் போகும் பார்லரில், பக்கத்து டேபிளில் கல்லூரிப் பையன் ஒருவன், வெள்ளைப் பந்தை அடிக்கும் கோலான கியூவைச் சுவரில் சாய்த்துவிட்டு ஃபோனையே பார்த்துக்கொண்டு நின்றான். டேபிளுக்கு மேலே விளக்கு எரிகிறது. மணிக்கு 200 ரூபாய் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. என்னதான் பார்க்கிறான் என்று எட்டிப் பார்த்தேன். ஜம்ப் ஷாட். வெள்ளைப் பந்து குறுக்கே நிற்கும் பந்தைத் தாண்டிக் குதித்து, அந்தப் பக்கம் இருக்கும் பந்தை மூலைப் பாக்கெட்டில், அதாவது டேபிள் மூலையில் பந்து விழும் குழியில் தள்ளுகிறது. “அண்ணா, இன்னிக்கு இத எப்படியாவது கத்துக்கணும்” என்றான். சரி தம்பி, பழகு என்றேன். அதற்கு முன்னால் அவன் ஆடியதையும் பார்த்திருந்தேன். மூன்றடி தூரத்தில் நேர்கோட்டில் இருந்த பந்தே பத்துக்கு ஐந்து தடவைதான் விழுந்தது.

அவனைக் குறை சொல்ல இந்த மைக் முன்னால் வந்து உட்காரவில்லை. நானும் பயிற்சியாளர் இல்லை. பகலில் வங்கி வேலை, வாரத்தில் மூன்று மாலை பூல், இப்படிப் பதினைந்து வருடம் ஓடிவிட்டது. எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் யாரும் இல்லை. கற்றதில் பாதிக்கு மேல் வீடியோ பார்த்துக் கற்றது. அதில் வீணாகப் போன காசுக்கும் நேரத்துக்கும் கணக்குப் போட்டால் ஒரு நல்ல கியூவே வாங்கியிருக்கலாம்.

ஆறேழு வருடம் முன்னால், வெள்ளைப் பந்துக்கு சைடு கொடுப்பது எப்படி என்று ஒரு வீடியோ பார்த்தேன். சைடு என்றால் பந்தை நடுவில் அடிக்காமல், வலப்பக்கமோ இடப்பக்கமோ தள்ளி அடிப்பது. பந்து பம்பரம் மாதிரி சுழன்றுகொண்டே போய், டேபிளின் ரப்பர் ஓரமான குஷனில் பட்டதும் வேறு திசையில் திரும்பும். பார்க்க அவ்வளவு அழகு. வீடியோவில் பேசியவர் நல்ல ஆட்டக்காரர், பேச்சும் தெளிவு. சைடு கொடுத்தாலும் குறியில் பெரிதாக ஒன்றும் மாற்ற வேண்டாம் என்றார். அப்படியே செய்தேன், மூன்று மாதம். விழவேண்டிய பந்தெல்லாம் பாக்கெட் வாயில் பட்டுப் பட்டுத் திரும்பி வந்தது. கை சரியில்லை என்று நினைத்தேன். பிறகு கண்ணில்தான் கோளாறு என்று கண் டாக்டரிடம் போனேன். அவர் கண்ணில் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நடந்தது இதுதான். வலப்பக்கம் தள்ளி அடித்தால், வெள்ளைப் பந்து கியூ காட்டும் கோட்டில் கிளம்பாது. கொஞ்சம் இடப்பக்கம் விலகித்தான் கிளம்பும். எவ்வளவு விலகும் என்பது முக்கியமாக கியூவின் நுனிப்பகுதி எவ்வளவு கனம் என்பதைப் பொறுத்தது. நுனி லேசாக இருந்தால் விலகல் குறையும். வீடியோக்காரர் கையில் இருந்தது அதற்கென்றே செய்த கார்பன் ஃபைபர் கியூ. என் கையில் இருந்தது பார்லர் கியூ. பல பேர் கைபட்டுக் கறுத்த மரம், நுனியில் பித்தளைப் பூண், தொட்டாலே ஆடும். நான்கடி தூரத்தில் ஒரே ஒரு டிகிரி பிசகினால் பந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் போய்விடும். பூல் பந்தின் மொத்தக் குறுக்களவே 57 மில்லிமீட்டர்தான். பிறகு பாக்கெட்டில் எப்படி விழும்? அவர் பொய் சொல்லவில்லை, அவருடைய கியூவுக்கு அது உண்மைதான். யார் கியூவுக்கு என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

அன்றிலிருந்து எந்த வீடியோவைத் திறந்தாலும் நான் முதலில் பார்ப்பது பேசுகிறவரின் முகத்தை இல்லை. கையில் என்ன கியூ, முன்னால் என்ன டேபிள் என்பதைத்தான். பெரும்பாலும் 9 அடி டேபிளாக இருக்கும், புதுத் துணி போட்டு, பந்தெல்லாம் பளபளவென்று துடைத்து வைத்திருப்பார்கள். நம் பார்லரில் பெரும்பாலும் அதைவிடச் சின்ன டேபிள். துணி மாற்றி எத்தனை வருடம் ஆனதோ! சென்னை மாதிரி கடற்கரை ஊரில் மழைக்காலம் வந்தால் துணி ஈரம் குடித்துவிடும், பந்து பாதி வழியிலேயே சோர்ந்து நின்றுவிடும். கியூ நுனியில் தேய்க்கும் சாக்கின் தூளும் கை அழுக்கும் பந்தில் ஏறியிருந்தால், இரண்டு பந்தும் மோதும் இடத்தில் உராய்வு கூடும். அடிபட்ட பந்து நாம் நினைத்த கோட்டைவிட்டுக் கொஞ்சம் இழுபட்டுப் போகும். வீடியோவில் ‘இந்த வேகத்தில் அடி’ என்று சொன்னால், அந்த வேகம் அந்த டேபிளுக்கானது. என் டேபிளில் பந்து ஒரு அடி தூரம் முன்னாலேயே நின்றுவிடும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. பூல் என்று தேடினால் மூன்று விதமான ஆட்டம் வந்து நிற்கும். நம் ஊரில் ஆடுவது அமெரிக்க பூல், எண் போட்ட 15 பந்து. இங்கிலாந்துக்காரர்கள் பூல் என்று சொல்வது சின்ன டேபிளில் சிவப்பும் மஞ்சளுமாக ஆடும் ஆட்டம். பந்தும் சின்னது, விதியும் வேறு. அப்புறம் ஸ்னூக்கர். 12 அடி டேபிள், 52.5 மில்லிமீட்டர் பந்து, பாக்கெட்டின் வாய் வளைந்திருக்கும். கொஞ்சம் உரசிப் போனாலும் பந்தை வெளியே துப்பிவிடும். இந்த ஸ்னூக்கருக்கும் நமக்கும் ஒரு சொந்தம் உண்டு. 1875-இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி ஆரம்பித்த ஆட்டம், நம் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில்தான் விதிகள் எழுதி நிலைபெற்றது என்பார்கள். பிற்பாடு பிரிட்டனில் பிரதமராக இருந்த சேம்பர்லின் வேறு ஆள். அந்தப் பெருமை இருக்கட்டும். ஸ்னூக்கர் வீடியோவில் நிற்கும் விதம், கியூவைத் தாடைக்கு அடியில் ஒட்டி நேராக விடும் விதம் இரண்டையும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். நேர்கோட்டில் கியூ விடுவதை அவர்களைப் போல் கண்டிப்பாகச் சொல்லித்தருகிறவர்கள் குறைவு. ஆனால் வெள்ளைப் பந்தை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்பதை பூல் வீடியோவில்தான் படிக்க வேண்டும்.

சில வீடியோக்களில், பந்தைத் தொடும் கணத்தில் மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினால் ஸ்பின் கூடும் என்று சொல்லித்தருவார்கள். டிப், அதாவது கியூவின் நுனி, பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் சுமார் ஆயிரத்தில் ஒரு வினாடி. அதற்குள் மணிக்கட்டைச் சுண்டுகிற மனிதன் இன்னும் பிறக்கவில்லை. அதிவேக கேமராவில் எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தால் இது நன்றாகவே தெரியும். அப்படி எடுத்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் டேவிட் அல்சியடோரே. அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பேராசிரியராக இருந்தவர். பூல் ஆடுகிறவர்களுக்கு அவர் ‘டாக்டர் டேவ்’. அவருடைய வீடியோவில் தடபுடல் ஒன்றும் இருக்காது, நம் கல்லூரி லேப் வகுப்பு மாதிரிதான். ஆனால் ஒரு சங்கதி ஏன் நடக்கிறது என்று சொல்வார், எவ்வளவு என்றும் சொல்வார். எப்போது நடக்காது என்பதையும் சேர்த்துச் சொல்வார். அந்த மூன்றாவதைச் சொல்லும் ஆசிரியர்கள் ரொம்பக் குறைவு.

அவர் காட்டும் ஒன்றை இப்போது வானொலியிலேயே செய்து பார்த்துவிடலாம். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் விரித்துப் பிடியுங்கள். ரொம்ப விறைப்பாக வேண்டாம், தளர்வாகவும் வேண்டாம். கட்சிச் சின்னம் எதையும் காட்டச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள். எப்படியும் வானொலியில் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த இரண்டு விரலுக்கும் இடையே இருப்பது ஏறத்தாழ 30 டிகிரி. வெள்ளைப் பந்து வழுக்காமல் இயல்பாக உருண்டு போய் இன்னொரு பந்தில் மோதினால், மோதிய பிறகு தன் பழைய பாதையைவிட்டு ஏறத்தாழ அதே 30 டிகிரி விலகிப் போகும். குறி பார்க்கும்போது வெள்ளைப் பந்து மற்றப் பந்தின் கால் பங்கை மறைக்கும் மோதலிலிருந்து முக்கால் பங்கை மறைக்கும் மோதல் வரை கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஒரு விரலைக் குறி பார்த்த திசையில் வைத்தால், அடுத்த விரல் வெள்ளைப் பந்து போகப்போகும் வழியைக் காட்டிவிடும். முதல் தடவை இதை டேபிளில் வைத்துப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பத்து வருடமாக வெள்ளைப் பந்து பாக்கெட்டுக்குள் விழுந்து ஃபவுல் ஆனதெல்லாம் என் தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, டேபிளுக்கு எதைக் கொண்டு போவது? பந்தை எந்த இடத்தில் வைக்க வேண்டும், பத்துக்கு எத்தனை விழ வேண்டும், இந்த இரண்டையும் சொல்லாத வீடியோவை வீட்டில் சோபாவில் சாய்ந்து பார்க்கலாம், தப்பில்லை. காசு கொடுத்து எடுத்த டேபிளில் அதற்கு வேலை இல்லை. டேபிள் ஓரத்துச் சட்டத்தில் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள் பதித்திருப்பார்களே, அதற்கு டைமண்ட் என்று பெயர். நல்ல ஆசிரியர், இத்தனையாவது டைமண்டுக்கு நேராக வை என்று அதை வைத்தே இடம் சொல்வார். அந்த இடத்தில் நான் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவேன். ஃபைலில் கோர்க்கும் தாளின் ஓட்டை கிழியாமல் இருக்க ஒட்டுவார்களே, வெள்ளை வளையம், அதுதான். ஸ்டேஷனரி கடையில் சல்லிசாகக் கிடைக்கும். வளையத்தின் மேல் பந்து அசையாமல் உட்காரும், பத்து தடவையும் அதே இடம்தான். ஒட்டுவதற்கு முன் பார்லர்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்காமல் ஒட்டி நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

இந்த வகையில் எனக்குத் தெரிந்து சிறந்தது ஸ்டாப் ஷாட். வண்ணப் பந்தை டேபிள் நடுவில் வைத்து, அதற்கும் மூலைப் பாக்கெட்டுக்கும் நேர்கோட்டில் இரண்டடி பின்னால் வெள்ளைப் பந்தை வையுங்கள். நடுவுக்குக் கொஞ்சம் கீழே அடியுங்கள். வண்ணப் பந்து பாக்கெட்டுக்குள் போக வேண்டும். வெள்ளை, மோதிய இடத்திலேயே ஆணி அடித்தது மாதிரி நிற்க வேண்டும். நிற்காமல் முன்னால் போனால், போய்ச் சேர்வதற்குள் அது உருள ஆரம்பித்துவிட்டது. இன்னும் கீழேயோ வேகமாகவோ அடித்திருக்க வேண்டும். பின்னால் வந்தால், தேவைக்கு மேல் கீழே அடித்திருக்கிறீர்கள். பக்கவாட்டில் நகர்ந்தால் மோதல் நேராக இல்லை. நின்ற இடத்திலேயே சுழன்றால், உங்களுக்குத் தெரியாமலே சைடு விழுந்திருக்கிறது. பக்கத்தில் யாரும் நின்று திருத்த வேண்டியதில்லை, வெள்ளைப் பந்தே சொல்லிவிடும்.

பெரிய ஆட்டக்காரர்களின் போட்டி வீடியோ பார்த்து ஆட்டம் வளருமா என்று கேட்பார்கள். வளரும், ஆனால் பார்க்கும் விதம் வேறு. 1995-இல் அமெரிக்காவின் ரீனோ நகரில் நடந்த ஒரு போட்டியில், பிலிப்பைன்ஸின் எஃப்ரேன் ரேயஸ் ஏர்ல் ஸ்ட்ரிக்லாண்டுக்கு எதிராக அடித்த ஒரு ஷாட்டை இன்றும் பேசிக்கொள்வார்கள். ஐந்தாம் எண் பந்து வெள்ளைக்கு நேராகத் தெரியவே இல்லை. ரேயஸ் வெள்ளையை இரண்டு குஷனில் அடித்துத் திருப்பி அந்த ஐந்தைப் பாக்கெட்டில் இறக்கிவிட்டார். வெள்ளை போன பாதையை வைத்து அதற்கு ‘இசட் ஷாட்’ என்றே பெயர். அதை நூறு தடவை பார்த்தாலும் நமக்கு வராது. நான் செய்வது, ஆட்டக்காரர் குனிந்ததும் வீடியோவை நிறுத்திவிடுவது. எந்தப் பந்து, எந்தப் பாக்கெட், வெள்ளை எங்கே போய் நிற்கும் என்று மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் மறுபடி ஓடவிடுவேன். முதல் இரண்டும் எளிதாகப் பிடிபட்டுவிடும். மூன்றாவது எனக்கு இன்றைக்கும் பாதிக்குப் பாதிதான். வீட்டில் இதைப் பார்க்கிறவர்கள் நான் டிவியுடன் சண்டை போடுவதாக நினைக்கிறார்கள்.

நான் அதிகம் பார்த்த வீடியோ எது என்று கேட்டால், பார்க்கச் சகிக்காத ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். ஒருநாள் ஃபோனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்துவைத்து, பாக்கெட்டுக்குப் பின்னாலிருந்து நான் ஆடுவதையே எடுத்தேன். கியூவை நேராக விடுகிறேன் என்று பத்து வருடமாக நம்பியிருந்தவன். படத்தில் பார்த்தால், பந்தைத் தொடுவதற்கு முன்பே என் தலை மேலே எழும்புகிறது. கூடவே தோளும் வருகிறது, கியூ வலப்பக்கம் வெட்டுகிறது. விழுந்ததா என்று பார்க்கும் அவசரம், வேறென்ன. அதற்கு அப்புறம்தான் வீடியோ தேடுவது சுலபமானது. ‘பூல் நன்றாக ஆடுவது எப்படி’ என்று தேடுவதை விட்டுவிட்டு, தலை தூக்காமல் இருக்க என்ன பயிற்சி என்று தேடினேன். ஏழு நிமிட வீடியோ ஒன்று போதுமாக இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நிகழ்ச்சித் தயாரிப்பாளர் இரண்டு விரலைக் காட்டுகிறார். இன்னும் இரண்டு நிமிடம் என்று அர்த்தம். எனக்கு அது 30 டிகிரியாகத்தான் தெரிகிறது.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஜம்ப் ஷாட் அன்றைக்கு வரவில்லை. இரண்டு தடவை வெள்ளைப் பந்து டேபிளைவிட்டுக் குதித்துத் தரையில் ஓடியது. மூன்றாவது தடவை பார்லர்காரர் எழுந்து வந்துவிட்டார். அடுத்த வாரம் அவனாகவே என்னிடம் வந்தான். நான் இரண்டு வளையம் ஒட்டி, ஸ்டாப் ஷாட் வைத்துக் கொடுத்தேன். பத்துக்கு நான்கு விழுந்தது, வெள்ளை நின்றது ஒன்றே ஒன்றுதான். அவனுக்கு அதில் சுவாரசியமே இல்லை என்று முகத்தில் எழுதியிருந்தது. ஆனாலும் மறுவாரம் வந்தான். நேற்று முன்தினம் பத்துக்கு ஏழு, அதில் மூன்று தடவை வெள்ளை அசையாமல் நின்றது. ஜம்ப் ஷாட் வீடியோவை அழித்துவிட்டாயா என்று கேட்டேன். இல்லை அண்ணா, இருக்கட்டும் என்றான்.

நன்றி, வணக்கம்.