ஒரு ராத்திரி போதாது

(மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு விடுமுறை முகாம் நடத்த முன்வந்த தொண்டர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பள்ளி விடுமுறை வந்தால் நம் வட்டாரத்தில் ஒரு பழக்கம் உண்டு. இரண்டு பஸ், எண்பது பிள்ளைகள், விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பாடு. போகிற இடத்தில் பதாகை விரித்து ஒரு படம், பொட்டலச் சோறு, மூன்று மணி நேரம் தண்ணீர் விளையாட்டு, திரும்பும் வழியில் இன்னொரு படம். இரவு பதினொரு மணிக்குத் தூங்கி வழியும் பிள்ளையை லயத்து வாசலில் இறக்கிவிட்டால் ஆண்டறிக்கையில் ‘80 மாணவர்கள் பயனடைந்தனர்’ என்று ஏறிவிடும். அந்தப் பணத்தை வேறு விதமாகச் செலவழியுங்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன். 24 பிள்ளைகள், 3 இரவு, 4 பகல். எண்ணிக்கை குறைந்ததே என்று நன்கொடையாளர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

ஏன் மூன்று இரவு? வீட்டை விட்டு வெளியே படுத்தே பழகாத ஒன்பது வயதுப் பிள்ளைக்கு முதல் ராத்திரி அழுகை ராத்திரி. அம்மா வேண்டும், வயிறு வலிக்கிறது, லைட்டை அணைக்காதே. மறுநாள் முழுக்க அது உங்களைச் சோதித்துப் பார்க்கும். சொன்ன பேச்சு கேட்காது, பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளும், சோறு வேண்டாம் என்று தள்ளும். இந்தப் பெரியவர்கள் கத்துவார்களா, அடிப்பார்களா, விட்டுவிட்டுப் போவார்களா என்று அளந்து பார்க்கிற நாள் அது. மூன்றாம் நாள் காலையில்தான் தோள் இறங்கி, குரல் ஏறி, பிள்ளை பிள்ளையாக ஓடும். ஒரே ராத்திரி முகாம் என்றால் அழுகை ஓய்வதற்கு முன்பே பெட்டி கட்டச் சொல்கிறோம்.

இது புதிதாக யாரும் கண்டுபிடித்ததில்லை. 1876-இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் வால்டர் பியோன் என்ற பாதிரியார், ஏழைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் 68 பேரை அப்பென்செல் மலைப்பகுதிக்கு அழைத்துப் போனார். மறு ஆண்டே நியூயார்க் பிள்ளைகளைக் கிராமத்து வீடுகளில் தங்கவைக்கும் ஏற்பாடு அமெரிக்காவில் தொடங்கியது. அந்தக் காலத்து முகாம்கள் பலவற்றில் போகும்போதும் வரும்போதும் பிள்ளைகளை எடைபோடுவார்கள். கூடிய எடைதான் நன்கொடையாளருக்குக் காட்டும் கணக்கு. நம் தோட்டத்தில் ரப்பர் பால் நிறுத்த கதைதான். 1989-இல் ஐக்கிய நாடுகள் சபை சிறார் உரிமை உடன்படிக்கையை ஏற்றபோது அதன் 31-ஆம் பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் உரிமை என்றே எழுதியது. மலேசியா அதில் சேர்ந்தது 1995-இல். ஆகவே விடுமுறை நாம் போடும் பிச்சை என்ற எண்ணத்தை மண்டப வாசலிலேயே செருப்போடு கழற்றிவைத்துவிடுவோம்.

இனி வேலைக்கு வருவோம்.

பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பதில்தான் முதல் கோணல். முதல் பத்து இடம் பிடித்தவர்களுக்குப் பரிசாக முகாமைக் கொடுப்பது ஒரு கோணல். செயற்குழு உறுப்பினரின் அக்காள் மகனைச் சேர்ப்பது இன்னொன்று. வகுப்பாசிரியரிடமும் தோட்டத்து ஆயாவிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: எந்தப் பிள்ளை இதுவரை எங்குமே போனதில்லை? இங்கிருந்து லூமுட் கடற்கரை சுமார் இரண்டு மணி நேரம்தான். கடலைப் பார்க்காத பிள்ளை நம் செம்பனைக் காட்டுக்குள் இன்னும் இருக்கிறது. இன்னொன்று. பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை ‘எனக்கு வர விருப்பமில்லை’ என்று சொன்னால் அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். அம்மா விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க, போன பிறகு தம்பி தங்கச்சிக்குச் சோறு வடிப்பது அந்தப் பிள்ளையாக இருக்கும். நான்கு நாளுக்குப் பக்கத்து வீட்டு அத்தையிடம் பேசி, சமையல் சாமான் ஒரு பை வாங்கிக் கொடுத்தால் பெயர் பட்டியலுக்கு வந்துவிடும். அந்தச் செலவும் முகாம் செலவுதான்.

வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். பாரத்தைப் பள்ளிப்பையில் கொடுத்தனுப்பினால் பாட்டி கைநாட்டு வைத்துவிடுவார். என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தமிழிலும் மலாயிலும் ஒப்புதல் கடிதம் இருக்கட்டும். அதில் அவசரச் சிகிச்சைக்கு அனுமதி, பிள்ளையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளப்போகிறவர் யார், நீரில் இறங்கலாமா என்ற மூன்றும் தனித்தனியாக இருக்கவேண்டும். சிறுவர் இல்லத்துப் பிள்ளை என்றால் இல்லப் பொறுப்பாளரின் எழுத்து அனுமதியோடு, நீதிமன்ற உத்தரவின்பேரில் சேர்க்கப்பட்ட பிள்ளையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியென்றால் சமூகநல இலாகாவிடமும் பேசவேண்டும். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையை அதற்காக விட்டுவிடாதீர்கள். ஆனால் அரசாங்க மருத்துவமனையில் குடியுரிமை இல்லாதவர்க்கான கட்டணம் கேட்பார்கள் என்பதால் கையில் ஒரு தொகை ஒதுக்கிவைத்துக்கொண்டு, காப்பீட்டு நிறுவனத்திடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கூட்டு விபத்துக் காப்பீட்டுக்கு அடையாள எண் கேட்பது வழக்கம்.

உடல்நலப் பாரத்தில் ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை கேட்போம். ஜி6பிடி குறைபாட்டை, அதாவது இரத்தச் சிவப்பணுக்கள் எளிதில் உடையும் பிறவிக் குறையை, கேட்க மறந்துவிடுவோம். நம் நாட்டில் பிறந்ததுமே தொப்புள்கொடி இரத்தத்தில் இதைப் பரிசோதிக்கிறார்கள். கிளினிக் புத்தகத்தில் இருக்கும். அந்தப் பிள்ளைக்குச் சில மருந்துகள் ஆகாது. துணிக்குள் பூச்சி வராமல் போடும் பாச்சை உருண்டையும் ஆகாது. முகாமுக்குப் போர்வை எங்கிருந்து வருகிறது? மண்டபத்து அலமாரியிலிருந்து, ஒரு வருடமாகப் பாச்சை உருண்டை போட்டு வைத்த போர்வை. அதன் வாசனையும் ஒட்டிய தூளும் போதும், இரத்தச் சிவப்பணுக்கள் உடையத் தொடங்க. கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வெயிலில் காயவைத்தால் போகும் என்று நினைக்காதீர்கள். உருண்டை போடாத போர்வையை வாங்கிவிடுங்கள். பேன் உள்ள பிள்ளையை ஒதுக்கவேண்டாம். புறப்படப் பத்து நாள் முன்னதாக எல்லா வீட்டுக்கும் பேன் மருந்து கொடுத்து, ஒரு வாரத்தில் இன்னொரு முறை தடவச் சொல்லுங்கள். எல்லாருக்கும் கொடுத்தால் யாருக்கும் வெட்கமில்லை.

பெரியவர்கள் ஒன்பது பேர் வேண்டும். ஆறு பிள்ளைக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒருவராக நால்வர், இரவுக் காவலுக்கும் மாற்றாளாகவும் இருவர், சமையலுக்கு இருவர், எந்தக் குழுவிலும் இல்லாத ஒருங்கிணைப்பாளர் ஒருவர். இந்தக் கடைசி ஆள்தான் முக்கியம். ஒரு பிள்ளைக்குக் காலில் அடிபட்டால் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓட ஒரு ஆள் சும்மா இருந்தாக வேண்டும். பெண்பிள்ளைகள் குழுவுக்குப் பெண்கள்தான். பெரியவர் ஒருவரும் பிள்ளை ஒன்றும் மூடிய கதவுக்குள் தனியே இருக்கக்கூடாது. கோயில் தலைவராக இருந்தாலும் இதே விதிதான். ‘தெரிந்த ஆள், நல்ல பையன்’ என்பது சான்றிதழ் ஆகாது. 2016-இல் திருத்தப்பட்ட சிறார் சட்டத்தின்கீழ், சிறாருக்கு எதிராகக் குற்றம் செய்தவர்களின் பதிவேட்டைச் சமூகநல இலாகா வைத்திருக்கிறது. தொண்டர் பெயர்களைச் சரிபார்க்க விண்ணப்பியுங்கள். கோபித்துக்கொண்டு விலகுகிறவர் விலகட்டும்.

பஸ்ஸைப் பற்றி இரண்டே விஷயம். தெரிந்தவருடைய பள்ளி பஸ் மலிவாகக் கிடைக்கும். பள்ளிக்கு ஆள் ஏற்றும் பெர்மிட் சுற்றுலாவுக்குச் செல்லாது. விபத்து நடந்தால் காப்பீடும் கைவிரிக்கும். சுற்றுலா பஸ்ஸை எடுங்கள், இருக்கைவார் எல்லா இருக்கையிலும் வேலை செய்கிறதா என்று முதல் நாளே உட்கார்ந்து இழுத்துப் பாருங்கள். இரண்டாவது, தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு வளைந்து வளைந்து ஏறும் பழைய சாலையைத் தவிர்த்துவிடுங்கள். பஸ்ஸே பழகாத பிள்ளைகள் 24 பேர், காலையில் நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோறு. மிச்சத்தை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். எங்கே போனாலும் காலையில் ரொட்டி, வாழைப்பழம். முன் இருக்கையில் குமட்டுகிற பிள்ளைகள். ஓட்டை இல்லாத பிளாஸ்டிக் பை ஐம்பது.

தேதியைத் திங்கள் முதல் வியாழன் வரை வையுங்கள். வார இறுதியில் தங்குமிடம் விலை ஏறும், கடற்கரையில் கூட்டம் நெரியும். வருடக் கடைசி விடுமுறை என்றால் கிழக்குக் கரைப் பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள். நவம்பர் தொடங்கி அங்கே பருவமழை, கொந்தளிக்கும் கடல்.

சாப்பாட்டுக் கணக்கு சுலபம். 33 பேருக்கு ஒரு வேளைக்கு 4 கிலோ அரிசி. கோழியைப் பன்னிரண்டு துண்டாக வெட்டினால் தலைக்கு இரண்டு துண்டு வர ஆறு கோழி. குடிதண்ணீர் தலைக்கு 2 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 66 லிட்டர். கெடுவது எங்கே என்றால், விடிகாலை நான்கு மணிக்குச் சூடாகக் கட்டிய சோற்றுப் பொட்டலம் பஸ்ஸின் அடிப்பெட்டியில் வெந்து, மதியம் ஒரு மணிக்குப் பிரிக்கப்படும் இடத்தில். சோற்றிலுள்ள சில கிருமிகளின் வித்து கொதித்தாலும் சாகாது. வெதுவெதுப்பில் முளைத்து விஷம் வைக்கும், அந்த விஷம் மறுபடி சூடாக்கினாலும் போகாது. சமைத்து நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும். முதல் நாள் மதியத்துக்குச் சமையல்காரரை முன்னதாகவே அனுப்பிவிடுங்கள். முதல் வேளையில் அளவு பார்க்காதீர்கள். சில பிள்ளைகள் மூன்று முறை வாங்கும், ஒரு கோழித் துண்டைத் தாளில் சுற்றித் தலையணைக்கடியில் வைக்கும். திட்டாதீர்கள். பிஸ்கட் டின் ஒன்றை எப்போதும் திறந்த இடத்தில் வைத்தால் இரண்டாம் நாள் அந்தப் பழக்கம் நின்றுவிடும்.

தண்ணீர். இதில்தான் உயிர் போகிறது, ஆகவே நிதானமாகச் சொல்கிறேன்.

முதல் முகாமுக்கு நீர்வீழ்ச்சி வேண்டாம். லாத்தா கிஞ்சாங் பார்க்க அழகுதான். ஆனால் மலையுச்சியில் பெய்த மழை நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே இறங்கி வரும். மலாயில் கெப்பாலா ஆயர் என்பார்கள். தெளிந்த நீர் சட்டென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ ஒரு நொடிகூட நிற்கக்கூடாது. சாமானை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறவேண்டும். ஆற்று நீரில் எலிச் சிறுநீர்க் காய்ச்சலும் உண்டு. குளித்துவிட்டு வந்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் கண்டால், ‘ஆற்றில் குளித்தான்’ என்று டாக்டரிடம் சொல்லும்படி பெற்றோரிடம் சீட்டு எழுதிக் கொடுங்கள்.

கடலென்றால் தெலுக் பாத்தேக் போன்ற, உயிர்காப்பாளர் இருக்கிற விரிகுடாவாகப் பாருங்கள். பன்னிரண்டு பிள்ளை நீரில், பன்னிரண்டு பிள்ளை கரையில் மணல் விளையாட்டு. நீரில் இருக்கும் மூன்று பிள்ளைக்கு ஒரு பெரியவர். எல்லையாக இருவர் கயிறு பிடித்துக் கடலுக்கு முதுகு காட்டி, பிள்ளைகளைப் பார்த்து நிற்கவேண்டும். இருப்பதிலேயே குட்டையான பிள்ளையின் இடுப்பளவுதான் ஆழம். பெரியவர் இடுப்பை வைத்து அளக்காதீர்கள். பிள்ளைகளை இரண்டு இரண்டாகச் சோடி சேர்த்து, பத்து நிமிடத்துக்கு ஒரு விசில். விசில் கேட்டதும் சோடி கைகோத்துத் தூக்கவேண்டும். ஆறு சோடி எண்ணவேண்டும். ஐந்துதான் என்றால் எல்லாரும் கரைக்கு, பெரியவர்கள் நீருக்குள். மூழ்குகிற பிள்ளை சினிமாவில் போல் கையை ஆட்டிக் கத்தாது. வாய் நீர்மட்டத்தில், தலை பின்னால் சாய்ந்து, சத்தமே இல்லாமல் போகும். அதனால்தான் கரையில் நிற்பவர் கையில் கைத்தொலைபேசி இருக்கக்கூடாது. ‘படம் எடுக்கத்தான்’ என்பவரிடம் முதலில் பிடுங்குங்கள்.

சட்டை நிறத்தையும் கேளுங்கள். செயற்குழு எப்போதும் நீலமோ வெள்ளையோ எடுக்கும், அழகாக இருக்கிறதாம். நீருக்குள் அந்த இரண்டும் மறைந்துவிடும். கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு எடுங்கள். அதில் ‘ஏழை மாணவர் முகாம்’ என்று அச்சடிக்கவேண்டாம். பிள்ளை அந்தச் சட்டையை அடுத்த வாரம் பள்ளித் திடலில் போடவேண்டாமா? ஜெல்லிமீன் கொட்டினால் தேய்க்காமல் வினிகரை அரை நிமிடம் ஊற்றவேண்டும். இரண்டு போத்தல் கையோடு இருக்கட்டும்.

இரவுக்கு வருவோம். 24 பிள்ளையில் இரண்டு மூன்றாவது படுக்கையை நனைக்கும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். எல்லா மெத்தைக்கும் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் துணி. ஏழு மணிக்குப் பிறகு மைலோ வேண்டாம். பத்தரை மணிக்கு எல்லாப் பிள்ளையையும் கழிவறைக்கு அனுப்புங்கள், அந்தப் பாதையில் விடிய விடிய விளக்கு எரியட்டும். இருட்டுக்குப் பயந்து எழாமல் நனைக்கிற பிள்ளையும் உண்டு. விடிகாலை ஐந்தரைக்கு ஒரு அக்கா மட்டும் எழுந்து, நனைந்த விரிப்பைச் சுருட்டி, அதே நிறத்து மாற்று விரிப்பைப் போட்டுவிடவேண்டும். அதே நிறம் என்பதை மறக்காதீர்கள். பூப்போட்ட விரிப்பு வெள்ளையானால் எட்டு மணிக்குள் முகாமுக்கே தெரிந்துவிடும். பெண்பிள்ளைகள் கழிவறையில் ஒரு கூடையில் நாப்கின் கேட்காமலே எடுக்கும்படி இருக்கட்டும்.

நிகழ்ச்சி நிரலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஊக்கமூட்டும் தன்முனைப்பு உரைகளைக் குறையுங்கள். மதியம் ஒன்றரை மணி நேரம் ஒன்றுமே வைக்காதீர்கள்.

மூன்றாவது ராத்திரி பிள்ளைகள் பேசும். முதலிலேயே மூன்றாம் நாள் பற்றிச் சொன்னேனே, அதன் மறுபக்கம் இது. நம்பிக்கை வந்த பிள்ளை, விளக்கை அணைத்த பிறகு, வீட்டில் யார் அடிக்கிறார், யார் தொடுகிறார் என்று சொல்லிவிடும். அப்போது ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று சத்தியம் செய்யாதீர்கள். அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது. துருவிக் கேள்வி கேட்காதீர்கள், ‘மாமாவா செய்தார்?’ என்று பெயரை எடுத்துக் கொடுக்காதீர்கள். கேளுங்கள், சொன்னது நல்லது என்று சொல்லுங்கள், பிள்ளையின் சொல்லை அப்படியே தேதி நேரத்தோடு எழுதுங்கள், ஒருங்கிணைப்பாளரிடம் அன்றிரவே கொடுங்கள். 2017-இன் சிறார் பாலியல் குற்றச் சட்டத்தின்படி தெரிந்தும் தகவல் கொடுக்காமல் இருப்பதே குற்றம். போலீஸ் நிலையம், அல்லது 15999 என்ற தாலியான் காசே உதவி எண். செயற்குழுவைக் கூட்டி ‘பேசித் தீர்ப்பது’ அறவே கூடாது.

திரும்பும் பஸ் பிற்பகல் நான்கு மணிக்குள் ஊர் சேரவேண்டும், வெளிச்சத்தில். கடிதத்தில் பெயருள்ளவரிடம் மட்டும் பிள்ளையை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். அழுக்குத் துணியைத் துவைத்துக் கொடுத்தனுப்புங்கள். குழாய்த் தண்ணீர் சொட்டுகிற வீட்டுக்கு நான்கு நாள் துணி ஒரு சுமை. படங்களை முகநூலில் ஏற்றுவதற்கு முன் ஆளுக்கு இரண்டு படம் அச்சடித்துப் பிள்ளை கையில் கொடுங்கள். இரண்டு வாரம் கழித்து வீட்டுக்குப் போகவேண்டும். ஒரு சாக்கு நிச்சயம் இருக்கும், எல்லா முகாமிலும் ஏழெட்டுச் செருப்பும் துவாலையும் மிஞ்சும். அதை எடுத்துக்கொண்டு போய்த் திண்ணையில் உட்காருங்கள்.

தேநீர் தயாராகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். ஒப்புதல் கடிதமும் உடல்நலப் பாரமும் பின்மேசையில் மாதிரிக்கு இருக்கின்றன. ஜூன் விடுமுறைக்குத் தங்குமிடம் பிடிக்க நினைப்பவர்கள் இந்த வாரமே கூப்பிட்டு விசாரியுங்கள்.