எரியும், அணையும், மறுபடி எரியும்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் டியூப்லைட் விட்டுவிட்டு எரிந்தால் ஸ்டார்ட்டரைத் திருகிப் பார்ப்போம், சரிவராவிட்டால் மாற்றுவோம். இன்று நான் பேச வந்த விளக்கில் திருகுவதற்கு எதுவும் இல்லை. அதன் குறுக்களவே சில நானோமீட்டர்தான். காட்மியம் செலினைடு போன்ற குறைகடத்தியின் குட்டிப் படிகம். குவாண்டம் புள்ளி என்று பெயர். லேசர் பட்டால் ஒளிரும். சுமார் 2 நானோமீட்டர் இருந்தால் நீலம், 6 இருந்தால் சிவப்பு. இந்தப் புள்ளிகளுக்காகத்தான் மௌங்கி பவெண்டி, லூயி புரூஸ், அலெக்ஸி எகிமோவ் மூவரும் 2023-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்கள்.

1996-இல் பவெண்டியும் புரூஸும் இருந்த ஒரு குழு, புள்ளிகளைத் தனித்தனியே நுண்ணோக்கியில் பார்த்தது. லேசர் ஒரே சீராக விழுகிறது. புள்ளியோ எரிகிறது, அணைகிறது, மறுபடி எரிகிறது. அதுவரை இது யார் கண்ணிலும் படாமல் போனதற்குக் காரணம் எளிது. கோடிக்கணக்கான புள்ளிகள் மிதக்கும் கரைசலில் ஒன்று அணைந்தால் இன்னொன்று எரியும். மொத்தத்தில் சீரான வெளிச்சம். குவாண்டம் டாட் டிவியில் சிமிட்டல் நமக்குத் தெரியாததும் அதனால்தான்.

ஏன் அணைகிறது? லேசர் ஒரு எலக்ட்ரானை மேலே தூக்கிவிடுகிறது. கீழே ஒரு வெற்றிடம். இரண்டும் மறுபடி சேரும்போது ஒளி பிறக்கிறது. சில சமயம் எலக்ட்ரான் நழுவி, படிகத்தின் மேற்பரப்பில் ஏதோ ஒரு பள்ளத்தில் மாட்டிக்கொள்கிறது. புள்ளிக்குள் ஒரு மின்னூட்டம் மிச்சம். அடுத்த ஜோடி சேரும்போது வரும் ஆற்றலை அந்த மிச்சம் பறித்துக்கொள்ள, ஒளிக்குப் பதில் வெப்பம்தான் வருகிறது. ஓடிப்போன எலக்ட்ரான் திரும்பும்வரை இருட்டு. எஃப்ரோஸ், ரோசன் என்ற ஆய்வாளர்கள் 1997-இல் சொன்ன விளக்கம் இது.

சரி, புதிர் தீர்ந்ததா? எனக்கு இங்கேதான் புதிர் தொடங்குவதாகத் தோன்றுகிறது. கரண்ட் போனால், எப்படியும் அரை மணியில் வந்துவிடும் என்று மனத்தில் ஒரு கணக்கு வைத்திருப்போம் இல்லையா? இந்தப் புள்ளியிடம் அந்தக் கணக்கு செல்லாது. 2000-இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் மசாரு குனோ, டேவிட் நெஸ்பிட் குழுவினர் இருட்டு நேரங்களை அளந்தார்கள். ஒரு மில்லிவினாடிக்கும் குறைவான இருட்டு உண்டு, பல பத்து வினாடி நீளும் இருட்டும் உண்டு, எல்லாம் ஒரே அடுக்கு விதியில் அடங்குகின்றன: நீளம் இத்தனை மடங்கு கூடினால் எண்ணிக்கை இத்தனை மடங்கு குறையும் என்ற விதி. வழக்கமான நீளம் என்று ஒன்று இல்லவே இல்லை. பத்து நிமிடம் அளந்தால் ஒரு சராசரி. ஒரு மணி நேரம் அளந்தால் பெரும்பாலும் அதைவிடப் பெரிய சராசரி. எவ்வளவு நேரம் இருட்டாக இருந்ததோ, இனியும் அவ்வளவோ அதற்கு மேலோ இருட்டு மிச்சம் என்று எதிர்பார்க்கலாம்!

எலக்ட்ரான் மாட்டுவது ஒரே ஒரு பள்ளம் என்றால் இப்படி வராது. ஒரு வழக்கமான நேரம் கட்டாயம் தென்படும். பள்ளங்கள் பல, தூரங்கள் பல என்றார்கள் சிலர். பள்ளமே நேரத்துக்கு நேரம் மாறுகிறது என்றார்கள் வேறு சிலர். நானோ கம்பிகளும் நானோ தண்டுகளும் ஏறக்குறைய இதே விதிப்படி சிமிட்டுவது குழப்பத்தைக் கூட்டியது.

அப்புறம் 2011-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஒரு சோதனை. புள்ளிக்குள் மின்னூட்டத்தை வெளியிலிருந்தே ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். சிமிட்டல் இரண்டு வகை என்று தெரிந்தது. ஒன்று, மின்னூட்டக் கதை. மற்றொன்றில் எலக்ட்ரான் சூடாக, அதாவது மிகுதியான ஆற்றலோடு, இருக்கும்போதே, ஒளி தரும் நிலைக்கு இறங்கும் முன்பே, பிடிபட்டுவிடுகிறது. புள்ளிமேல் தடித்த உறை வளர்த்தால் சிமிட்டல் வெகுவாகக் குறைகிறது என்பதை 2008-லேயே காட்டியிருந்தார்கள்.

ஆனால் ஆய்வகத்தில் இந்தச் சிமிட்டலுக்கு ஒரு உபயோகம் உண்டு. நுண்ணோக்கியில் ஒரு பொட்டு அசையாமல் எரிந்தால் மாணவருக்குச் சந்தேகம் வந்துவிடும்: நாலைந்து புள்ளிகள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றனவோ? சட்டென்று அணைந்து, சட்டென்று எரிந்தால்தான் நிம்மதி. ஒற்றைப் புள்ளியேதான்.

வணக்கம்.