தக்காளியை வைச்சு நெகிழ்ச்சிக் கணக்கு: முதல் செமஸ்டர் பொருளாதாரம்

[திரையில்: காய்கறிக் கடை, சாக்பீஸில் எழுதின விலைப் பலகை]

வணக்கம். காலேஜ்ல பொருளாதாரம் எடுத்தா, தேவை, அளிப்பு, நெகிழ்ச்சி மூணும் ஆரம்பத்துலேயே வந்துடும். வரையறையை மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிடலாம். ஆனா மார்க்கெட்ல நடக்குறது புரியணும்னா கணக்குப் போட்டே ஆகணும். இன்னிக்கு தக்காளியை வைச்சுப் போடுவோம்.

2023 ஜூலையில சென்னையில தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டுச்சு. தமிழ்நாடு அரசு ரேஷன் கடையில 60 ரூபாய்க்கு விக்க வேண்டி வந்துச்சு. அப்பவும் தக்காளியை யாரும் அடியோட விட்டுடலை. நாலு பழம் போடுற ரசத்துல ரெண்டு போட்டு, புளியைக் கொஞ்சம் கூட்டிக்கிட்டாங்க. விலை எவ்வளவு ஏறினா வாங்குற அளவு எவ்வளவு குறையுதுங்கிறதுதான் தேவையின் விலை நெகிழ்ச்சி. 1890லேயே ஆல்ஃபிரட் மார்ஷல் விளக்கமா எழுதி வைச்ச விஷயம்.

[திரையில்: விலை 20 → 60, அளவு 2 கிலோ → 1.5 கிலோ]

ஒரு வீட்டுல வாரத்துக்கு ரெண்டு கிலோ வாங்குறாங்க. விலை 20 ரூபாயிலேருந்து 60 ஆனதும் ஒன்றரை கிலோவா குறைச்சுட்டாங்கன்னு வைச்சுக்குங்க. பழைய விலையை அடியில வைச்சு சதவீதம் பார்த்தா, விலை 200 சதவீதம் ஏறியிருக்கு, அளவு 25 சதவீதம் குறைஞ்சிருக்கு. 25ஐ 200ஆல வகுத்தா நெகிழ்ச்சி 0.125. இப்ப அதையே திருப்பிப் போடுங்க: விலை 60லேருந்து 20க்கு இறங்குது, அதாவது 66.7 சதவீதம், அளவு 33.3 சதவீதம் கூடுது. விடை 0.5! அதே ரெண்டு புள்ளிதான், விடை மட்டும் நாலு மடங்கு. பரீட்சையில பல பேர் சறுக்குற இடம் இது.

இதுக்குத்தான் நடுப்புள்ளி முறை. ரெண்டு விலையோட சராசரி 40, வித்தியாசமும் 40, அதனால 100 சதவீதம். அளவோட சராசரி 1.75, வித்தியாசம் 0.5, அதனால 28.6 சதவீதம். 28.6ஐ 100ஆல வகுத்தா 0.29 வருது. எந்தப் பக்கத்துலேருந்து போட்டாலும் இதேதான். விலை ஏறினா அளவு குறையுறதால வர்ற கழித்தல் குறியை விட்டுட்டுப் பேசுறது வழக்கம். 1க்குக் கீழ இருந்தா நெகிழ்ச்சி குறைந்த தேவை. அந்த வீட்டோட செலவைப் பாருங்க: வாங்குறது குறைஞ்சிருக்கு, ஆனா 40 ரூபாய் செலவு 90 ஆயிடுச்சு.

இதையே விவசாயி பக்கம் திருப்பினாத்தான் இந்தப் பாடத்தோட முழு வலு தெரியும்.

[திரையில்: மண்டியில் பெட்டிகள்]

மண்டிக்கு தினமும் 1,000 பெட்டி வருது, பெட்டி 400 ரூபாய். மொத்தம் 4 லட்சம். விளைச்சல் நல்லா இருந்து 1,150 பெட்டி வந்துடுச்சு. நடுப்புள்ளி முறையில நெகிழ்ச்சி 0.28ன்னா, அவ்வளவும் வித்துத் தீர விலை 240 வரைக்கும் இறங்கணும். மொத்தம் 2 லட்சத்து 76 ஆயிரம். சரக்கு 15 சதவீதம் கூட, வருமானம் 1 லட்சத்து 24 ஆயிரம் கம்மி. நல்ல விளைச்சலே நஷ்டமாகிறது இப்படித்தான். பொன்னி அரிசின்னா மூட்டையை அடுக்கி வைச்சுக் காத்திருக்கலாம்; தக்காளி ஒரு வாரத்துல அழுகிடும்.

2023ல நடந்ததும் இதே மாதிரிதான். ஜூலை விலையைப் பார்த்து நட்ட நாத்து காய்ப்புக்கு வர ரெண்டு மாசத்துக்கு மேல ஆகும். செப்டம்பர்ல சரக்கு ஒண்ணா இறங்கினப்ப பல மண்டிகள்ல கிலோ 10 ரூபாய்க்கும் கீழ போயிடுச்சு.

'பறிக்காம செடியிலேயே விடுறாங்களே, ஏதோ கிடைச்சதுக்கு விக்கலாமே'ன்னு கேக்குறவங்க உண்டு. பறிக்கிற கூலி, லாரி வாடகை, கமிஷன் எல்லாம் சேர்த்து பெட்டிக்கு 110 ரூபாய் ஆகுதுன்னு வைச்சுக்குங்க. மண்டி விலை 100ன்னா, பறிச்சு அனுப்புற ஒவ்வொரு பெட்டிக்கும் 10 ரூபாய் கையிலேருந்து போகும். நாத்துக்கும் உரத்துக்கும் ஏற்கெனவே போட்ட பணம், பறிச்சாலும் திரும்பாது, பறிக்காட்டியும் திரும்பாது. அதனால இந்த முடிவுல அது கணக்குக்கே வரக் கூடாது. புத்தகத்துல இது மாறும் செலவு பத்தின பாடத்துல வரும்.

கடைசியா ஒரு குழப்பம். புரட்டாசியில கோழிக்கறி விலை இறங்கும், ஆனா விற்பனையும் குறையும். விலை இறங்கினா வாங்குறது கூடும்ங்கிற தேவை விதி பொய்யாயிடுச்சான்னா, இல்லை. விரதத்தால தேவைக் கோடே இடப்பக்கம் நகர்ந்துடுச்சு, அதாவது எந்த விலையிலயும் முன்னைவிடக் கம்மியாத்தான் வாங்குறாங்க. விலையும் அளவும் ஒரே திசையில போனா, பெரும்பாலும் நகர்ந்தது தேவைக் கோடு. எதிரெதிரா போனா அளிப்புக் கோடு (விக்க வர்ற சரக்கோட கோடு), 2023 ஜூலை தக்காளி மாதிரி. படம் வரையுறதுக்கு முன்னாடி இதை முதல்ல பாருங்க. எந்தக் கோட்டை நகர்த்தணும்னு அதுலேயே தெரிஞ்சுடும்.