கேமரா மலிவுதான், பதிவு?

பஸ் ஸ்டாண்ட் பக்கம் மைக் பிடித்தால் பாதிப் பேச்சை ஹாரன் சாப்பிட்டுவிடும், தருமபுரிக்காரர்களுக்குத் தெரியாததில்லை. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்: போலீஸ்காரர் சட்டையில் மாட்டும் கேமராவை டெண்டரில் வாங்குவது பற்றி.

நான் பல வருஷம் ஓர் அலுவலகத்தில் டெண்டர் ஃபைல் பார்த்தவன். ஒருமுறை பிரிண்டர் வாங்கினோம். விலை உறையைப் பிரித்தால் ஒரு கம்பெனி மற்றவர்களைவிட ஏகத்துக்கும் குறைத்திருந்தது. எல்-1, அதாவது இருப்பதிலேயே குறைந்த விலை கேட்டவன், மறுபேச்சில்லை, ஆர்டர் போட்டாச்சு. மூன்றாம் மாதம் டோனர் தீர்ந்தது. அதை அந்தக் கம்பெனிதான் தரும், விலையோ பிரிண்டரில் பாதி. கடைசியில் அந்தப் பிரிண்டர்மேல் பழைய ஃபைலை அடுக்கி வைத்தோம்.

அந்தச் சட்டைக் கேமராவும் அதே ஜாதிதான். அமெரிக்காவில் மின்அதிர்ச்சித் துப்பாக்கி செய்யும் டேசர் கம்பெனி 2017 ஏப்ரலில் ஆக்சான் என்று பெயரை மாற்றிய கையோடு, அந்நாட்டுப் போலீசாருக்கெல்லாம் ஒரு வருஷம் கேமரா இலவசம், பதிவைச் சேமித்து வைப்பதும் இலவசம் என்று அறிவித்தது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள், இந்த மாட்டை மட்டும் வாயைத் திறந்து பார்த்துவிடுங்கள். வருஷம் முடியும்போது வீடியோ அத்தனையும் கம்பெனி சர்வரில் இருக்கும், அதை எடுத்துக்கொண்டு வேறு இடம் போவது லேசா என்ன?

கேமராவே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நம் அரூர் பக்கம் வாச்சாத்தியில் 1992 ஜூனில் வனத்துறை, போலீஸ் ஆட்கள் பழங்குடி ஜனங்கள்மேல் நடத்திய கொடுமைக்கு, இதே தருமபுரியில் 2011-ல்தான் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்தே போனார்கள். அந்த 19 வருஷமும் அந்த ஜனங்கள் நடந்ததை வாயால் சொல்லிச் சொல்லித்தான் நிரூபித்தார்கள். காட்ட ஒரு பதிவு இருந்திருந்தால்!

ஆனால் கேமரா இருந்தும் பதிவு இல்லாத கதையும் நமக்குத் தெரியும். சாத்தான்குளம், 2020, காவல் நிலையத்தில் அடிபட்டு அப்பாவும் மகனும் இறந்த வழக்கு. ஸ்டேஷன் சிசிடிவியின் ஹார்ட் டிஸ்கில் 1 டெராபைட் இடம் இருந்தும், பதிவு தினமும் தானாக அழியும்படி செட்டிங் இருந்தது என்று விசாரித்த மாஜிஸ்திரேட் எழுதினார். அந்த வருஷம் டிசம்பரில் உச்ச நீதிமன்றம், காவல் நிலைய சிசிடிவி பதிவை 18 மாதம் வைத்திருக்கும் வசதி வேண்டும், அப்படிக் கருவி கிடைக்காவிட்டால் ஒரு வருஷத்துக்காவது குறையக்கூடாது என்றது. சட்டையில் மாட்டும் கேமராவுக்கும் அதே கணக்கைக் கேட்டால் என்ன தப்பு?

தொப்பூர் கணவாயில் ராத்திரி ட்யூட்டி பார்க்கிறவரின் பேட்டரி விடியும்வரை தாங்குமா, அதையும் கேளுங்கள். அப்புறம், யார் எப்போது அணைத்தார்கள் என்பதைக் கருவியே குறித்து வைக்க வேண்டும். அழிக்கும் அதிகாரம் ஸ்டேஷனில் இருக்கக்கூடாது. இதெல்லாம் டெண்டரில் எழுதியிருந்தால்தான் கம்பெனி தரும், எழுதாததை எல்-1 தரமாட்டான், நான் பார்த்திருக்கிறேன்.

நாளைக்கு ஒரு டெண்டர் அறிவிப்பு கண்ணில் பட்டால், எத்தனை கேமரா என்பதை அப்புறம் பார்க்கலாம், பதிவு யாரிடம், எத்தனை மாதம் என்ற பக்கத்தை முதலில் திருப்புங்கள். அந்தப் பக்கமே இல்லையென்றால் அதைக் கேட்டு விண்ணப்பம் எழுத நான் உதவுகிறேன். சரி, மைக்செட்காரர் வயரைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார், கேள்வி இருந்தால் சட்டென்று கேளுங்கள்.