அவனுக்குப் பயந்துதான் போனை அணைத்தேன்

நடுவர் அவர்களுக்கு வணக்கம். எதிரணிக்கு வணக்கம். என் அணிக்காரர்களுக்கு வீடு திரும்பும் வழியில் வணக்கம் சொல்லிக்கொள்கிறேன், நேரம் குறைவு.

ஒரே ஊரின் இரண்டு கால்பந்து அணிகள் மோதும் பகை, ரசிகர்களுக்குள் நட்பை வளர்க்கிறதா, கெடுக்கிறதா? இதுதான் தலைப்பு. வளர்க்கிறது என்று பேச வந்தவன் நான். ஒரு தாள் நிறையக் குறிப்பு எழுதி எடுத்து வந்தேன். எனக்கு முன்னால் எதிரணித் தம்பி பேசி முடித்ததும் அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். தம்பி போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார். அரங்கமே கைதட்டியது. நடுவர் அவர்களே, நீங்களும் சிரித்தீர்கள், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

என்ன சொன்னார்? “தன் அணி தோற்ற அன்றைக்கு இவர்கள் போனை அணைத்துவிடுகிறார்கள். நண்பன் கூப்பிடுவான் என்று பயந்து போனை அணைக்கிறவனுக்கு எதற்கு ஐயா நண்பன்?” என்றார்.

தம்பி, இதற்குப் பதில் சொல்லாமல் நான் இந்த மைக்கை விட மாட்டேன்.

ஆமாம், அணைப்போம். நானே அணைத்திருக்கிறேன். ஆனால் யாருக்காக அணைத்தேன் என்று கேட்க வேண்டாமா? எதிரிக்குப் பயந்து யாராவது போனை அணைப்பார்களா? எதிரியிடம் நம் நம்பரே இருக்காதே! மைதானத்தில் ஆயிரக்கணக்கான பேர் ஒன்றாக நின்று நம் அணியைக் கேலி செய்து பாடுவார்கள். காதில் வாங்காமல் நடந்து வந்துவிடலாம். ஒருத்தன் குரல் மட்டும் சுருக்கென்று தைக்கும். அந்த ஒருத்தன்தான் நண்பன். அவன் ஒருத்தனுக்காகத்தான் போனை அணைக்கிறோம்.

என் கதையைச் சொல்கிறேன். எங்கள் இரண்டு பேருடைய அணிகளின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இந்த அரங்கத்தில் பாதிப் பேர் என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிடுவார்கள். ‘எங்கள் அணி’, ‘அவன் அணி’. அது போதும்.

எங்கள் அணி மூன்று கோல் வாங்கித் தோற்ற ஒரு நாள். ஒன்றுகூட நாங்கள் போடவில்லை. மைதானத்திலிருந்து வந்தேன், போனை அணைத்தேன், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அது வீட்டில் லேண்ட்லைன் இருந்த காலம். கூடத்தில் மணி அடித்தது. அம்மா எடுத்தார்.

“அவன் தூங்கிட்டானேப்பா” என்கிறார் அம்மா. மணி ஏழரைகூட ஆகவில்லை. வேறு யாராக இருந்தாலும் “சரிம்மா” என்று வைத்திருப்பார்கள். இவன் என்ன சொன்னான் தெரியுமா? “பரவாயில்லைம்மா, உங்ககிட்டயே சொல்லிடறேன். அம்மா, முதல் கோல்ல இருந்து சொல்றேன்.”

முதல் கோலில் இருந்து! கதவுக்குப் பின்னால் நான் நிற்கிறேன். அம்மா “ம்… ம்…” என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். இடையிடையே “ஐயோ, அப்புறம்?” என்கிறார். “அந்தக் கோல்கீப்பர் பிள்ளை என்ன பண்ணான்?” என்கிறார். எங்கள் கோல்கீப்பரை, நடுவர் அவர்களே! அரை மணி நேரம் போனது. தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் நான் படாத பாட்டை அந்த அரை மணி நேரத்தில் பட்டேன்.

அதோடு விட்டதா? மறுநாள் காலையில் அம்மா என்னைப் பார்த்துக் கேட்கிறார்: “ஏண்டா, அந்த மூணாவது கோல் ஆஃப்சைடு இல்லையாமே?”

யோசித்துப் பாருங்கள். அதுவரை என் அம்மா ஒரு ஆட்டம்கூட முழுதாகப் பார்த்ததில்லை. ஆஃப்சைடு என்ற சொல்லையே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டிருக்கிறார். இருபது வருடமாக ஆட்டம் பார்க்கிறவர்களே அதை விளக்கச் சொன்னால் திணறுவார்கள். இவன் போனிலேயே பாடம் நடத்தியிருக்கிறான்: “பந்தை உதைக்கிற நேரத்துல, எதிரணியோட கடைசிக்கு முந்தின ஆளையும் பந்தையும் தாண்டிப் போய் முன்னால நிக்கக் கூடாதும்மா.” அம்மா கேட்டிருக்கிறார்: “வரிசையில முந்தக் கூடாது, அவ்வளவுதானே?” அவ்வளவுதான்! இதைவிடச் சுருக்கமாக யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

அதற்குப் பிறகு அவர்கள் ஜெயித்த ஒவ்வொரு டெர்பிக்கும், அதாவது ஒரே ஊரின் எங்கள் இரண்டு அணிகளும் மோதும் ஆட்டத்துக்கும், லேண்ட்லைன் அடித்தது. “அம்மா, முதல் கோல்ல இருந்து சொல்றேன்.” கொஞ்ச நாளில் அம்மா போன் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இதில் நடந்த அநியாயத்தைக் கேளுங்கள். அவன் ஜெயித்தால்தானே கூப்பிடுவான்? ஆக, என் அம்மா காதில் விழுந்த கோல் எல்லாம் அவன் அணி போட்ட கோல். உலகத்தில் ஜெயிக்கிற அணி அது ஒன்றுதான் என்று அம்மா முடிவு செய்துவிட்டார். என் வீட்டிலேயே, என் அம்மாவையே, எதிரணி ரசிகையாக மாற்றிவிட்டான்!

நான் சும்மா இருப்பேனா? அடுத்து அவன் அணி தோற்றபோது அவன் வீட்டுக்குக் கூப்பிட்டேன். அவன் அப்பா எடுத்தார். “போனை அணைச்சுட்டு உள்ளேதான் உட்கார்ந்திருக்கான். ஸ்பீக்கர்ல போடறேன், சத்தமாச் சொல்லு” என்றார். தம்பி, இதெல்லாம் நட்பு கெட்டதற்கு அடையாளமா?

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே. இன்னும் தலைப்புக்கே வரவில்லை, தெரிகிறது. வந்துவிடுகிறேன்.

தம்பி கொல்கத்தாவைக் காட்டினார். 1980 ஆகஸ்ட் 16, ஈடன் கார்டன்ஸ் மைதானம். மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதிய நாளில் ரசிகர்களுக்குள் மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 பேர் இறந்தார்கள். இரண்டு பக்கத்து ரசிகர்களும் கலந்துதானே உட்கார்ந்திருந்தார்கள், நட்பு எங்கே வளர்ந்தது என்று கேட்டார். அந்த 16 பேர் வீட்டுக்கும் மகன் திரும்பவில்லை. அதை இந்த மேடையில் சாமர்த்தியமாகப் பேசிக் கடந்துபோக எனக்கு வாய் வராது. ஒன்று மட்டும் சொல்கிறேன். பக்கத்தில் உட்காருவது வேறு, பழகுவது வேறு. எதிர்ப் பக்கத்தில் ஒரே ஒரு நண்பன் இருந்தால் போதும், கல்லை எடுத்த கை தயங்கும். அந்தக் கூட்டத்தில் அவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்?

அந்த ஆகஸ்ட் 16-ஐ அந்த ஊர் என்ன செய்தது என்பதையும் தம்பி சொல்லியிருக்கலாம். கால்பந்து ரசிகர்கள் தினமாக வைத்து, இறந்தவர்கள் நினைவில் ரத்ததானம் செய்கிறார்கள். அந்த ரத்தம் எந்த அணி ரசிகனுக்குப் போகும் என்று கொடுக்கிறவனுக்குத் தெரியாது. தெரியாமலே கொடுக்கிறான்.

2024-இல் அதே ஊரில் ஒரு பெண் பயிற்சி மருத்துவர் வேலை செய்த இடத்திலேயே கொடூரமாகக் கொல்லப்பட்டார். ஊரே தெருவுக்கு வந்தது. ஆகஸ்ட் 18 அன்று நடக்க வேண்டிய டூரண்ட் கோப்பை டெர்பியை, பாதுகாப்புக் கொடுக்க முடியாது என்று ரத்து செய்தார்கள். ஆட்டம் இல்லை என்றால் ரசிகன் வீட்டில்தானே இருக்க வேண்டும்? சால்ட் லேக் மைதானத்துக்கு வெளியே வந்து நின்றார்கள். மோகன் பகானின் பச்சையும் மெரூனும், ஈஸ்ட் பெங்காலின் சிவப்பும் மஞ்சளும், கூடவே முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களும். போலீஸ் தடியடி நடத்தியது. ஒரு அணியின் சட்டை போட்டவன் தோளில் இன்னொரு அணியின் சட்டை போட்டவன் உட்கார்ந்து நீதி கேட்ட படத்தை நாடே பார்த்தது. நூறு வருடத்துக்கும் மேலான பகை அது. மோகன் பகான் 1889-இல் பிறந்தது, ஈஸ்ட் பெங்கால் 1920-இல். பழகாதவனைத் தோளில் தூக்கி வைத்துக்கொள்ள முடியுமா?

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே எவர்ட்டனும் லிவர்பூலும் ஒரு வாடகைத் தகராறில் பிரிந்தவர்கள். ஆன்ஃபீல்டு முதலில் எவர்ட்டனின் மைதானம். 1892-இல் மைதானத்தின் சொந்தக்காரர் ஜான் ஹோல்டிங்கோடு வாடகை விவகாரம் முற்றி எவர்ட்டன் வெளியேறியது. காலியான மைதானத்துக்காக அவர் தொடங்கிய அணிதான் லிவர்பூல். எவர்ட்டன் போன தூரமும் அதிகமில்லை, ஒரு பூங்காவுக்கு அந்தப் பக்கம். வீட்டுக்குள்ளேயே அண்ணன் லிவர்பூலின் சிவப்பு, தம்பி எவர்ட்டனின் நீலம் என்று இருக்கிற ஊர் அது. 1984-இல் இரண்டு அணியும் வெம்ப்ளியில் லீக் கோப்பை இறுதிப் போட்டியில் மோதின. கோல் இல்லாமல் முடிந்தது. இரண்டு பக்கத்து ரசிகர்களும் சேர்ந்து தங்கள் வட்டாரத்தின் பெயரையே முழங்கினார்கள்: “மெர்சிசைடு! மெர்சிசைடு!”

அதற்கு ஐந்து வருடம் கழித்து, 1989 ஏப்ரல் 15. ஹில்ஸ்பரோ மைதானத்தில் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. நெரிசலில் சிக்கி லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் உயிரிழந்தார்கள். அந்தக் காயத்தோடு 32 வருடம் இருந்து 2021-இல் போனவரையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. அதே நாள், அதே நேரம், வேறு ஊரில் எவர்ட்டன் தன் அரையிறுதியை ஜெயித்தது. இறுதிப் போட்டிக்குப் போகிறோம் என்று குதித்திருக்க வேண்டிய ரசிகர்கள் செய்தி கேட்டு வாயடைத்துப் போனார்கள். அதில் எத்தனை பேருக்கு அண்ணனோ தம்பியோ அந்த இன்னொரு மைதானத்தில் நின்றிருப்பார்கள்!

ஒரு வாரம் கழித்து அந்த ஊர் மக்கள் ஸ்கார்ஃபுகளை முடிச்சுப் போட்டார்கள். சிவப்போடு நீலம், நீலத்தோடு சிவப்பு. அன்றைய எவர்ட்டன் மைதானத்திலிருந்து ஆன்ஃபீல்டு வரைக்கும், நடுவில் இருக்கிற பூங்காவைத் தாண்டி, ஒரே சங்கிலி. ஒரு ரசிகனுக்கு அவன் ஸ்கார்ஃப் என்றால் என்ன தெரியுமா? தோற்ற அன்றைக்குக்கூடக் கழற்ற மாட்டான். அதைக் கழற்றி எதிரணியின் நிறத்தோடு கட்டினார்கள். எனக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் தொண்டை அடைக்கிறது. இன்றைக்கும் அடைக்கிறது.

இதற்கு மேல் தர்க்கம் பேச என்னால் முடியவில்லை நடுவர் அவர்களே. இரண்டாவது மணியும் அடித்துவிட்டது. ஒரே ஒரு நிமிடம் கொடுங்கள். அந்தப் போன் கதையில் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

அம்மா போய்ச் சேர்ந்தார். அன்று வீட்டுக்கு முதலில் வந்தவன் அவன்தான். என்னிடம் எதுவும் பேசவில்லை. கூடத்தில் போன் பக்கத்தில் கிடந்த அந்த நாற்காலியைப் பார்த்தான். வெளியே போய் நின்றுகொண்டான்.

மூன்று வாரம் கழித்து டெர்பி. எனக்குப் போக மனமில்லை, வீட்டில்தான் பார்த்தேன். தோற்றோம். அன்றைக்கு நான் போனை அணைக்கவில்லை. லேண்ட்லைனும் இருந்தது. ஏழரை ஆனது. எட்டு ஆனது. ஒன்பது ஆனது. இரண்டுமே அடிக்கவில்லை. அவன் அணி ஜெயித்திருக்கிறது, தம்பி! ஜெயித்த அணியின் ரசிகன் அன்று ராத்திரி போனைத் தொடவில்லை.

பத்து மணிக்கு நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவனைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான். பேசவில்லை. நானும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டேன்:

“ஏண்டா, அந்த ரெண்டாவது கோல் ஆஃப்சைடு இல்லையாமே?”

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. மூக்கை உறிஞ்சினான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“அம்மா,” என்றான், “முதல் கோல்ல இருந்து சொல்றேன்.”

முழுசாகச் சொன்னான். முழுசாகக் கேட்டேன். நன்றி, வணக்கம்.