யூபிஎஸ்சியும் அதற்குப் பக்கத்தில் இன்னொன்றும்

(டெல்லியில் கல்லூரிப் படிப்பில் இருக்கும் தமிழ் மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

டெல்லியில் படிக்கிறேன் என்று ஊரில் ஒரு கல்யாண வீட்டில் சொல்லிப் பாருங்கள். அடுத்த கேள்வி, "கலெக்டருக்குப் படிக்கிறியாப்பா?" என்பதுதான். உங்களில் பலர் உண்மையிலேயே அந்த எண்ணத்தோடுதான் இருக்கிறீர்கள். வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. கணக்கை மட்டும் ஒருமுறை சேர்ந்து பார்த்துவிடுவோம்.

கலெக்டர் போன்ற பதவிகளுக்காக யூபிஎஸ்சி நடத்துகிற குடிமைப் பணித் தேர்வுக்கு 2024ஆம் ஆண்டு விண்ணப்பித்தவர்கள் 9,92,599 பேர். முதல்நிலைத் தேர்வை எழுத வந்தவர்கள் 5,83,213. முதன்மைத் தேர்வுக்குத் தகுதி பெற்றவர்கள் 14,627. நேர்முகத்துக்குப் போனவர்கள் 2,845. கடைசிப் பட்டியலில் 1,009 பேர். எழுதியவர்களில் ஏறத்தாழ 580 பேருக்கு ஒருவர். மீதிப் பேர் மக்குகளா? இல்லை. இடம் அவ்வளவுதான்.

என் கவலை தோல்வியைப் பற்றியது அல்ல, காலத்தைப் பற்றியது. பொதுப் பிரிவினர் 32 வயதுக்குள் ஆறு முறை எழுதலாம். ஓபிசிக்கு 35 வயது, ஒன்பது முறை. எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 37 வயது வரை எண்ணிக்கை வரம்பே கிடையாது. இது நியாயமான சலுகை. ஆனால் 'இன்னும் ஒரு தடவை' என்ற சொல்லுக்கும் இதுவே இடம் கொடுக்கிறது. கோச்சிங் சென்டர்கள் நிறைந்த முகர்ஜி நகரிலும் ஓல்டு ராஜேந்தர் நகரிலும் சின்ன அறைகளில் வாடகை கொடுத்துக்கொண்டு முப்பதைத் தொட்டவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதனால், எத்தனை முறை எழுதுவது என்பதை முதல் முறை எழுதுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். இரண்டோ மூன்றோ, அது உங்கள் விருப்பம். ரிசல்ட் வந்த இரவில் எடுக்கிற முடிவு மட்டும் வேண்டாம்.

அப்புறம், பக்கத்தில் இன்னொன்று வேண்டும். நம் தாத்தாக்களில் பலர் டைப்ரைட்டிங் ஹையர், ஷார்ட்ஹேண்ட் எல்லாம் பாஸ் செய்த பிறகுதான் டெல்லிக்கு ஜி.டி. எக்ஸ்பிரஸ் ஏறினார்கள். கையில் வேலை தெரிந்திருந்தது. எந்த அமைச்சக அலுவலகமும் அவர்களுக்குச் சரிப்பட்டது. உங்கள் கையில் அப்படி என்ன இருக்கிறது? பொருளாதாரம் படிப்பவர் எக்செலையும் கொஞ்சம் புள்ளியியல் மென்பொருளையும் கற்கலாம். தமிழ், ஆங்கிலம், இந்தி மூன்றும் தெரிந்தவருக்கு மொழிபெயர்ப்பு இருக்கிறது. முதுகலைக்குப் போகிறவர் கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தகுதித் தேர்வு எழுதலாம், அது ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது. எம்.ஏ. தமிழ் படிப்பவருக்கு இன்னொரு வசதி: யூபிஎஸ்சியில் தமிழ் இலக்கியம் விருப்பப் பாடம் என்பதால் ஒரே படிப்பு இரண்டுக்கும் உதவும்.

பயிற்சி வேலை இரண்டாம் ஆண்டு விடுமுறையிலேயே தொடங்கட்டும். பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டம் 2024 அக்டோபரில் வந்தபோது 21 முதல் 24 வயதினருக்கு, மாதம் 5,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். முழுநேர மாணவர்களை அதில் சேர்க்கவில்லை. படித்துக்கொண்டிருக்கும்போது நீங்களேதான் தேடிப் பிடிக்க வேண்டும். பெரிய கம்பெனி பெயருக்காகப் போய் நாள் முழுக்க ஜெராக்ஸ் எடுப்பதைவிட, வேலை கொடுக்கிற சின்ன அலுவலகம் மேல். ஒரு வேலை உங்களுக்குப் பிடிக்காது என்று இருபது வயதில் தெரிந்துகொள்வதும் லாபம்தான்.

ரெஸ்யூமே பற்றி நீட்டப் போவதில்லை. ஒரு பக்கம் போதும். 'கடின உழைப்பாளி' என்று எழுதாதீர்கள், எல்லோரும் எழுதுகிறார்கள். என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

கடைசியாக, முன்வரிசையில் இருந்து ஒரு தங்கை சீட்டு அனுப்பியிருக்கிறார்: "அப்பா பி.எட். படி என்கிறார். எனக்கு அதில் விருப்பம் இல்லை. எப்படிச் சொல்வது?"

தங்கையே, உங்கள் அப்பாவின் பயம் உங்கள் திறமை மேல் அல்ல, பணத்தின் மேல். விருப்பத்தை மட்டும் சொன்னால் சண்டைதான் வரும். நீங்கள் போக நினைக்கும் வேலையில் இருக்கும் இரண்டு பேரிடம் முதலில் பேசுங்கள். தொடக்கச் சம்பளம் எவ்வளவு, எந்தப் படிப்பு, என்ன செலவு, சரிவராவிட்டால் எந்த மாதத்தில் வேறு வழிக்குத் திரும்புவீர்கள் என்று ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் கொடுங்கள். பி.எட். படித்தால் என்ன ஆகும் என்பதையும் அதே தாளில் நேர்மையாக எழுதுங்கள். எழுதும்போது உங்கள் மனமே மாறினாலும் மாறலாம், அதற்கும் தயாராக இருங்கள்.

நன்றி. அடுத்த சீட்டைக் கொடுங்கள்.