ஓவிய விமர்சனத்தில் படம் போடலாமா?

உட்லண்ட்ஸ்லேர்ந்து ஒரு நேயர் கேட்டிருக்காங்க: "நேஷனல் கேலரியில பார்த்த ஓவியங்களைப் பத்தித் தமிழ்ல விமர்சனம் எழுதி, எல்லாருக்கும் இலவசமா வெளியிடப் போறேன். ஓவியத்தோட படத்தைப் போட்டா காப்புரிமைச் சிக்கல் வருமா?"

எதுக்குப் போடறீங்கங்கிறதைப் பொறுத்தது. நம்ம சிங்கப்பூரோட 2021 காப்புரிமைச் சட்டத்துல நியாயமான பயன்பாட்டுக்கு இடம் இருக்கு, விமர்சனமும் அதுல வரும். எதுக்காக எடுத்தீங்க, எந்த மாதிரிப் படைப்பு, எவ்வளவு எடுத்தீங்க, அதனால அதோட விற்பனை கெடுமா, இதெல்லாம் பார்ப்பாங்க. ஓவியர் பேரும் ஓவியத்தோட பேரும் கட்டாயம் இருக்கணும்; படத்துக்குக் கீழேயே போட்டா நல்லது.

சுவா மியா டீ 1959ல வரைஞ்ச 'நேஷனல் லாங்குவேஜ் கிளாஸ்' இருக்கே, அதை எடுத்துக்குங்க. மலாய் வகுப்பு. உன் பேர் என்ன, நீ எங்கே குடியிருக்கேன்னு ரெண்டு கேள்வி கரும்பலகையில மலாய்ல எழுதியிருக்கும். அந்த ரெண்டு வரியையும், வட்ட மேசையைச் சுத்தி உட்கார்ந்திருக்கிறவங்க முகத்தையும் பத்தி எழுதறீங்கன்னா, முழுப்படம் ஒண்ணு, கரும்பலகையை மட்டும் வெட்டியெடுத்தது ஒண்ணு போடறதுக்கு நியாயம் இருக்கு. அதையே சும்மா தலைப்புக்கு மேல அலங்காரமா வெச்சீங்கன்னா விமர்சனம்னு சொல்லித் தப்பிக்க முடியாது.

சில பேர் பயந்துக்கிட்டு அஞ்சல்தலை சைஸ்ல போடறாங்க. அது வீண். எழுத்தே தெரியலைன்னா வாசகர் உங்க பேச்சை எப்படிச் சரிபார்ப்பாரு? அகலம் 1200 பிக்சல் வெச்சுக்குங்க. திரையில தெளிவாத் தெரியும். தரமா அச்சடிச்சா பத்து சென்டிமீட்டர்தான் வரும், யாரும் போஸ்டர் போட்டு விக்க முடியாது.

விமர்சனம் இல்லாம, வாழ்த்து அட்டை, நாள்காட்டின்னு வேற எதுக்காவது வேணும்னா அனுமதி வாங்கணும். ஓவியர் இறந்த வருஷத்துக்கு அப்புறம் 70 வருஷம் உரிமை உண்டு. ஓவியர் ஜார்ஜெட் சென் 1993ல காலமானாங்க, அப்போ 2063 முடியற வரைக்கும். இன்னொண்ணு, ஓவியத்தை விலைக்கு வாங்கினவர்கிட்ட காப்புரிமை தானாப் போயிடாது. சுவர்ல மாட்டியிருக்கிறவர் "போட்டுக்கோங்க"ன்னு சொன்னாலும் ஓவியரையோ அவங்க குடும்பத்தையோதான் கேட்கணும்.

பழைய படைப்புன்னா கவலையே இல்லைன்னு நினைப்போம். அங்கதான் நிறையப் பேர் மாட்டிக்கிறாங்க. சோழர் காலச் செப்புத்திருமேனிக்குக் காப்புரிமை கிடையாது, சரி. ஆனா அதை வெளிச்சம் அமைச்சு, கோணம் பார்த்துப் படம் எடுத்த ஆளுக்கு அந்தப் போட்டோ மேல உரிமை உண்டு. அதனால கூகுள்ல தேடி எடுக்காதீங்க. நியூயார்க் மெட் அருங்காட்சியகம் 2017லேர்ந்து காப்புரிமை தீர்ந்த படைப்புகளோட படங்களை சிசி ஜீரோன்னு, அதாவது யாரும் எதுக்கும் அனுமதி கேட்காம எடுத்துக்கலாம்னு, திறந்து விட்டிருக்கு. அவங்க தளத்துல ஓப்பன் ஆக்சஸ்னு வடிகட்டித் தேடினா, அங்க இருக்கிற சோழர் காலப் பார்வதி படத்தை அப்படியே இறக்கிக்கலாம்.

லிட்டில் இந்தியாவுல தேக்கா பக்கம் சுவரோவியத்தை எடுத்துப் போடறவங்களுக்கு ஒரு வார்த்தை. பொது இடத்துல நிரந்தரமா இருக்கிற சிற்பத்தைப் படம் எடுக்கச் சட்டமே விட்டுக்கொடுக்குது. சுவரோவியத்துக்கு அந்தச் சலுகை இல்ல. தெருவுல இருக்குன்னாலும் ஓவியரைக் கேட்கணும், இல்லன்னா உண்மையாவே அதை விமர்சிக்கணும்.

உங்க கட்டுரையையும் திறந்து விடப் போறீங்கன்னா சிசி பை போதும், அதாவது உங்க பேரைப் போட்டுட்டு யாரும் எடுத்துக்கலாம்ங்கிற உரிமம். 'வணிக நோக்கமற்ற'ன்னு ஒரு நிபந்தனை சேர்த்துட்டா விக்கிப்பீடியாவுல அந்த எழுத்தைச் சேர்க்க முடியாது. ஆனா பக்கம் முழுக்க அந்த முத்திரையைக் குத்திடாதீங்க, அடுத்தவர் ஓவியத்தை நீங்க தானம் பண்ண முடியாது. கடைசியில இப்படி எழுதுங்க: "எழுத்து மட்டும் சிசி பை 4.0. படங்களின் உரிமை அவற்றின் உரிமையாளர்களுக்கே."